திருகு இல்லாத காதுப்பெட்டி

தாயில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்த முதல் பெண் வெள்ளைத்தாய்தான். அன்று காலையிலிருந்து மதியக் கஞ்சி வரைக்கும் அவள் பேசியதெல்லாம் கொட்டகை முழுக்கக் கேட்டது. காதுக்குள் பாட்டு ஓடியதால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏத்தா, ஒம் மாமியாருக்கு வாய்வுப் பிடிப்புன்னியே, இப்ப எப்பிடி இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் அவள் ரகசியமாகக் கேட்டது, வாசலில் குச்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரருக்கும் கேட்டது.

"இப்பத் தேவலையாம்!" என்று அவர் அங்கிருந்தே பதில் சொன்னார்.

மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசைபிடித்து அடுக்குகிற வேலை அது. கட்டை அடுக்குவது என்று சொல்வார்கள். கையும் கண்ணும் மட்டும் வேண்டும். மனசுக்கு அங்கே வேலை இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக்கூரை காய்ந்து, மேல்காற்று புழுதியை அள்ளி உள்ளே போடும்போது, நூற்றிருபது பெண்களில் பாதிப் பேர் விரல் மட்டும் அசையத் தூங்குவார்கள். மீதிப் பேர், வெடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிப்பார்கள்.

இதற்கு மருந்தாகத்தான் முதலாளி முத்துராமலிங்கம், சிவகாசி நாகையாவைக் கூப்பிட்டு ஒலிபெருக்கி கட்டச் சொன்னார். நாகையா கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஒரு வாரம் புனல் கட்டிப் பாட்டுப் போட்டான். எட்டாம் நாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை டூயட்டாகப் பாடுகிறார்கள் என்றார்.

புனலை இறக்கிய நாகையா மூன்று மாதம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒன்று செய்தான். கொட்டகைச் சுவரைச் சுற்றி அடிமட்டத்தில் ஒரே ஒரு கம்பி. அதைத் தன் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தான். தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றுக்குள் ஒரு கம்பிச்சுருள், ஒரு டிரான்சிஸ்டர், சின்ன பேட்டரி, காதில் செருகுகிற குமிழ். பெட்டியை ரிப்பனால் காதுக்கு மேலே கொண்டையோடு கட்டிக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்கும் சுவரில் ஓடுகிற கம்பிக்கும் தொடுப்பே கிடையாது. கொட்டகைக்குள் எங்கே உட்கார்ந்தாலும் பாட்டு வந்துவிடும். வெளியே ஓர் அடி எடுத்து வைத்தால் நின்றுவிடும்.

"வாசப்படி தாண்டுனதும் பாட்டு செத்துப்போகுது மொதலாளி" என்று வெள்ளைத்தாய் கத்தினாள். "இனிமே எவளும் வெளிய போகமாட்டா!"

முத்துராமலிங்கத்துக்கு இதைவிட நல்ல சேதி வேண்டியதில்லை. நூற்றிருபது பெட்டி வேண்டும் என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னைக்காரர் ஒருவர் வந்தார். முத்துராமலிங்கத்துக்கு விருதுநகரில் ஒரு சினிமாக் கொட்டகையில் பங்கு உண்டு. காது மந்தமானவர்கள் படம் பார்க்க, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் செய்த கருவியை அந்தக் கொட்டகைக்கு விற்பதற்காகச் சென்னைக்காரர் அவரைத் தேடி வந்திருந்தார். வந்த இடத்தில் வெள்ளைத்தாயின் கொண்டையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது எங்கள் கம்பெனி பேட்டண்ட் வாங்கிய பொருள். நம்பரைத் தருகிறேன். இதைச் செய்தவர் மேலேயும் கேஸ் வரும், வாங்கி உபயோகிக்கிறவர் மேலேயும் வரும்" என்று சொல்லி, ஒரு தாளில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

முத்துராமலிங்கம் அந்தத் தாளைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நாகையாவிடம் நீட்டினார்.

"தம்பி, எனக்குக் கோர்ட்டுன்னாலே ஆகாது. அந்த ஆளு வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள, இது அவுக சொத்து இல்ல, ஒன் சொத்துதான்னு வெவரமா எழுதிக் கொண்டா. கொண்டாந்தா நூத்திருபது. இல்லேன்னா சுவத்துல இருக்குற கம்பியச் சுருட்டிட்டுப் போயிரு."

நாகையாவின் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு கனமும் இருந்தது. போன பொங்கலுக்கு மாமனார் வீட்டில் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட வேகத்தில் அவன் ஒரு சபதம் செய்திருந்தான். "ஆடி முடியுறதுக்குள்ள இந்தப் பெட்டிக்கு ஆர்டர் வாங்கலேன்னா, ஆவணி ஒண்ணாந்தேதி ஒங்க பிரஸ்ல வந்து ஒக்காந்துருதேன் மாமா. மைக் செட்டை மூட்டை கட்டிருதேன்."

மாமனார் ஆண்டிச்சாமிக்குத் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகம். ஒரே மகள் சொர்ணலட்சுமி. மாப்பிள்ளை பிரஸ்ஸில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஆனால் சொர்ணத்துக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருஷம் நாகையா அங்கே மூன்று மாதம் இருந்தான். அந்த மூன்று மாதத்தில் வீட்டில் அவன் பேசிய வார்த்தைகளை ஒரு லேபிளில் அடித்துவிடலாம். பிரஸ் சுவர்க்கடிகாரத்தை நாலு தடவை கழற்றி மாட்டினான். நாலு தடவையும் அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷனோடு மறுபடியும் குடித்தனம் நடத்த அவள் தயாராக இல்லை.

மதுரையில் இன்டர்மீடியட் படித்தவள் சொர்ணம். அப்பாவின் அச்சகத்துக்கு வரும் இங்கிலீஷ் லேபிள்களுக்கு அவள்தான் பிழை பார்ப்பாள். நம்பரைப் பார்த்த அன்றே, அந்தப் பேட்டண்டின் அச்சுப்பிரதி வேண்டும் என்று கல்கத்தா பேட்டண்ட் ஆபீசுக்கு மணியார்டரும் கடிதமும் அனுப்பிவிட்டாள்.

பிரதி வருவதற்கு முன்னால் ஆண்டிச்சாமி வந்தார். கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலம், கக்கத்தில் வர்ண டப்பாக்கள். முகத்தில் திருவிழாக் களை. மாப்பிள்ளை தோற்றால் தனக்கு லாபம் என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்தேபோனார். காப்பியடித்த கேஸ் என்றால் சிவகாசியில் அவரைவிட்டால் ஆள் கிடையாது.

"மாப்ளே, நீங்க கவலய விடுங்க. எம்மேல இதுவரைக்கும் ஏழு கேஸ். ஒண்ணுலயாச்சும் தோத்திருக்கனா?"

"அது லேபிள் மாமா. இது வேற."

"என்ன வேற? மயில் லேபிள் கேஸ் ஒங்களுக்குத் தெரியுமில்ல. அவன் மயிலு, நானும் மயிலு. நான் மயிலோட அலகுல ஒரு கொடையக் குடுத்தேன். ஜட்ஜு கேக்காரு, இது மயில்தானேன்னு. ஆமா எசமான், ஆனா இது நனையாத மயிலுன்னேன். சிரிச்சிட்டாரு. கேசு போச்சு. தொழில்ல இது ஒண்ணுதான் சூத்திரம் மாப்ளே. அவன்கிட்ட இல்லாத ஒண்ண நாம சேத்துட்டா அது வேற சரக்கு."

"அவன்கிட்ட என்ன இருக்குன்னே நமக்குத் தெரியாதேய்யா" என்றாள் சொர்ணம் அடுப்படியிலிருந்து.

"தெரியாட்டி என்ன தாயி? நெறையா சேத்துருவோம்."

சேர்த்தார். பெட்டிக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார். ஓரத்துக்குப் பச்சை. மேலே ஒரு தாமரை. அப்படியும் மனசு ஆறவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொட்டையா இருக்கே மாப்ளே. ரேடியோன்னா ஒரு திருகு வேண்டாமா? வச்சுக் காட்டுங்க."

நாகையாவுக்கே அந்த ஆசை முதலிலிருந்து இருந்தது. பெட்டிக்குள் இடம் பற்றாது என்று விட்டிருந்தான். மாமனார் கூடவே உட்கார்ந்து சேவை நொறுக்கிக்கொண்டு, "முடியும் முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் வீராப்பு வந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலத்துக்குள் பெட்டியின் பக்கவாட்டில் குன்றிமணி மாதிரி ஒரு சிவப்புத் திருகு உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடும். இடப்பக்கம் திருப்பினால் குறையும்.

புதன்கிழமை அதைக் கொண்டுபோய் முத்துராமலிங்கத்திடம் காட்டினார்கள். அவர் திருகைத் திருப்பித் திருப்பிச் சிரித்தார்.

"இது சாமான்! இவளுக காதுல பாட்டு ஓடும்போது நான் சொல்றது எப்பிடிக் கேக்கும்னு ரோசனையா இருந்துச்சு. இப்ப நான் வந்தா இதத் திருகி அமத்திருவாளுக."

வியாழக்கிழமை காலைத் தபாலில் கல்கத்தாவிலிருந்து பிரதி வந்தது.

பத்துப் பக்கம் இங்கிலீஷ், ரெண்டு பக்கம் படம். சொர்ணம் வேறு வேலை பார்க்கவில்லை. கம்பங்கூழும் மோர்மிளகாயும் வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். அப்புறம் கடைசிப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்தாள். தங்களுக்கு எது சொந்தம் என்று கம்பெனிக்காரர்கள் எண் போட்டு எழுதுகிற இடம் அதுதான். பிறகு, மை கொட்டி வீணான லேபிள் தாள் ஒன்றை எடுத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் நடுவே நெடுக ஒரு கோடு போட்டாள். இரண்டு லேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாகச் சரிபார்க்கும்போது அவள் போடுகிற அதே கோடு.

"ரெண்டு பேரும் வாங்க. நான் வாசிக்கேன். நம்மகிட்ட இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. கதை வேண்டாம்" என்றாள்.

"நல்ல சேதியா கெட்ட சேதியா தாயி?"

"கதை வேண்டாம்னேன்."

ஆண்டிச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்லயே ஒண்ணு. சுவத்தச் சுத்திக் கம்பி போட்டு, தொடுப்பு இல்லாமக் கேக்கறது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான்னு அவுகளே முன்பக்கத்துல எழுதியிருக்காக. அதனால அது மட்டும் அவுக சொத்துன்னு சொல்ல முடியாது. அவுக கேக்கறது அஞ்சும் சேந்த ஒரு கூட்டு. ஒண்ணு, சத்தத்தப் பெருக்குற மிசினு."

"இருக்கு" என்றான் நாகையா.

"ரெண்டு, ஆளுக இருக்குற எடத்தச் சுத்திக் கம்பி."

"இருக்கு."

"மூணு, அந்தக் கம்பியத் தொடாமக் கேக்குற பெட்டி, உள்ள சுருளு."

"இருக்கு." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"மேல தாமரை இருக்கே, அதச் சொல்லுங்க மாப்ளே."

"அய்யா!"

"சரி தாயி, சரி."

"நாலு, காதுல வைக்கிற குமிழு."

"இருக்கு சொர்ணம். அம்புட்டும் இருக்கு. இன்னும் எதுக்கு வாசிச்சுக்கிட்டு?"

"அஞ்சு" என்றாள் சொர்ணம் நிதானமாக. "அந்தப் பெட்டியிலயே பொருத்தியிருக்கிற, கேக்குறவுக கையால சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற திருகு."

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். சிவப்புத் திருகு பளபளவென்று இருந்தது.

"இருக்கு" என்றான் நாகையா, கேட்டும் கேட்காத குரலில்.

"செவ்வாக்கெழம வரைக்கும் இல்ல" என்றாள் சொர்ணம்.

ஆண்டிச்சாமி பெட்டியை எடுத்துத் திருகைத் திருப்பிப் பார்த்தார். 

"அதெப்பிடித் தாயி? நான் சேத்தேனே. சேத்தா வேற சரக்கு ஆயிருமே!"

"லேபிள்ல அப்பிடித்தான்ய்யா. அங்க, வாங்குறவுக கண்ணு ஏமாறுதான்னு பாப்பாக. கொடையப் பிடிச்சா வேற மயிலு. இங்க படத்தையே பாக்கமாட்டாக. எழுதுன அஞ்சும் நம்மகிட்ட இருக்கான்னு எண்ணுவாக. அஞ்சும் இருந்தா மாட்டிக்கிட்டோம். ஆறாவதா நீங்க யானையவே கொண்டாந்து கட்டுனாலும் அஞ்சு அஞ்சுதான். அஞ்சுல ஒண்ணு கொறஞ்சாத்தான் நாம வெளிய."

நாகையா முதலில் வாயைப் பொத்தினான். அப்புறம் தோள் குலுங்கியது. ஒரு வாரத்துக் கவலையும் சேர்ந்து வெடித்து, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏழு கேஸ் ஜெயிச்ச மாமா… நம்மள நேரா கொண்டுபோயி… கூண்டுல ஏத்திட்டாரு…"

சொர்ணம் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருந்தார்.

"நான் கெடுக்கணும்னு செய்யல தாயி. மாப்ள பிரஸ்ஸுக்கு வரணும்னு நெனச்சு இதச் செஞ்சிட்டேன்னு நாளைக்கு யாரும்…"

"யாருய்யா அப்பிடிச் சொல்லுவா?" அவள் எழுந்து வந்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். "நீங்க வச்ச திருகுனாலதான் எந்த எடத்துல ஆபத்து இருக்குன்னே தெரிஞ்சுது. ஒக்காருங்க. கூழு ஆறிப்போச்சு, வேற ஊத்துறேன்."

நாகையா சிரிப்பை நிறுத்திவிட்டான். திருப்புளியை எடுத்து மாமனார் கையில் கொடுத்தான். "நீங்களே கழத்துங்க மாமா."

ஆண்டிச்சாமி கழற்றினார். வர்ணம் அப்படியே இருக்கலாமா என்று கேட்டார். இருக்கலாம், அதில் கேஸ் கிடையாது என்று சொர்ணம் சொன்ன பிறகுதான் கூழில் கை வைத்தார்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. முதலாளிக்குத் திருகு பிடித்துவிட்டது. திருகு இல்லாமல் அவர் வாங்குவாரா?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் தாயில்பட்டிக்குப் போனார்கள். முடிந்திருந்த பத்துப் பெட்டிகளும் ஒரு பனையோலைப் பெட்டியில் இருந்தன. எதிலும் திருகு இல்லை. முத்துராமலிங்கம் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"எங்கப்பா அது?"

"எடுத்துட்டோம் அண்ணாச்சி. அது இருந்தா கேஸு" என்றான் நாகையா.

"அது இல்லேன்னா எனக்குச் சாமானே வேண்டாமே. நான் தொண்டகிழியக் கத்துவேன், இவளுக பாட்டுக்குத் தலய ஆட்டிக்கிட்டு இருப்பாளுக. மொதலாளியா, கூத்துப் பாக்க வந்தவனா நான்?"

"ஒரு மணி நேரம் போட்டுப் பாப்போம் அண்ணாச்சி" என்றாள் சொர்ணம். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

பத்துப் பெண்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்து கட்டை அடுக்கத் தொடங்கினார்கள். நாகையா இலங்கை வானொலியைப் பிடித்து ஓடவிட்டான். அரைமணி கழித்துச் சென்னைக்காரர் வந்து சேர்ந்தார். வெள்ளைத்தாய் முதலில் கட்டியிருந்த பழைய பெட்டி மிச்சமாய்க் கிடந்ததை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தார், அடியில் பார்த்தார், திறந்து உள்ளே பார்த்தார்.

"சத்தத்தைக் குறைக்கிற திருகு எங்கே?"

"இல்லீங்க" என்றான் நாகையா.

"இருக்குமே. ஒளித்து வைத்திருக்கிறீர்களா?"

"நீங்களே தேடிப் பாருங்க" என்றார் ஆண்டிச்சாமி. எட்டாவது கேஸின் வாசனை அவருக்கு வந்துவிட்டது.

இதற்குள் முத்துராமலிங்கம் கொட்டகைக்குள் நுழைந்து, பரீட்சை வைப்பதுபோல் அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்று செருமினார். "எல்லாரும் கேளுங்க! நாளைக்கு லோடு போகணும். பொழுது சாயறதுக்குள்ள…"

பத்துத் தலைகளும் ஒரே சமயத்தில் இடது தோள்பக்கம் மெதுவாகச் சாய்ந்தன. பத்து ஜோடிக் கண்களும் பணிவாக அவரைப் பார்த்தன.

முத்துராமலிங்கம் பேச்சை மறந்துவிட்டார். இருபது வருஷமாகக் கம்பெனி நடத்துகிறார். யாரும் அவர் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. "லோடு… லோடு போகணும்" என்று குழைந்து சொன்னார். தலைகள் சாய்ந்தபடியே ஆடின. அவர் திரும்பி நாலு அடி வைத்ததும் பத்தும் நிமிர்ந்தன. சட்டென்று திரும்பினார். "அப்புறம்…" என்றார். பத்தும் சாய்ந்தன. முன்னும் பின்னும் அவர் மூன்று தடவை நடந்தார்.

சொர்ணம் குனிந்து வெள்ளைத்தாயிடம் கேட்டாள். "என்னக்கா இது?"

"தலைய நேரா வச்சா பாட்டு கணீர்னு இருக்கு, சாச்சா கொறஞ்சு போகுது" என்று வெள்ளைத்தாய் ஊருக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னாள். "ஒரு பக்கமா நல்லாச் சாச்சமுன்னா நின்னே போகுது. மொதலாளி பேசுறது கேக்க வேண்டாமா?"

நாகையா நெற்றியில் அடித்துக்கொண்டான். உள்ளே இருக்கிற சுருள் நேராக நின்றால்தான் பாட்டை முழுசாக வாங்கும், சரிந்தால் வாங்காது. செய்தவனுக்குத் தெரிந்த விஷயம்தான். அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சென்னைக்காரர் விரலை நீட்டினார். "பார்த்தீர்களா, சத்தத்தைக் குறைக்க வழி இருக்கிறது! அதுதான் எங்கள் ஐந்தாவது."

சொர்ணம் பிரதியைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். "ஒங்க அஞ்சாவது பெட்டியில பொருத்துனது, கையால திருப்புறதுன்னு நீங்களே எழுதியிருக்கீக. இது பெட்டியில இல்ல. கையிலயும் இல்ல. இவுக கழுத்துல இருக்கு. கழுத்துக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் பேட்டண்ட் வாங்கல."

அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கம்பெனிக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

முத்துராமலிங்கம் சொர்ணத்திடம் ஒரு தாளை நீட்டினார். "கேஸே வராதுன்னு எழுதிக் குடு தாயி."

"வராதுன்னு எழுதமாட்டேன் அண்ணாச்சி. கேஸ் போட யாருக்கும் உரிமை உண்டு. கழுத்தும் திருகும் ஒண்ணுதான்னு அவுக வாதாடக்கூடச் செய்யலாம். அஞ்சுல நாலுதான் இங்க இருக்கு, அதனால கேஸ் வந்தாலும் நிக்காதுன்னு நான் நெனைக்கேன். அதத்தான் எழுதுவேன். நாளைக்கு யாராச்சும் இதுல திருகு வச்சா என் எழுத்து செல்லாதுன்னும் எழுதுவேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்துராமலிங்கம் தாளைப் பார்த்துத் தயங்கினார். "ஆம்பள கையெழுத்து ஒண்ணு கூட இருந்தா…"

ஆண்டிச்சாமி பேனாவை வாங்கினார். ஆவணி ஒன்றாம் தேதிக்காகப் பிரஸ்ஸில் மாப்பிள்ளைக்கென்று அவர் ஒரு புது மேஜை செய்து வைத்திருந்தார். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் பெயருக்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், லேபிளில் எழுதுகிற அழகான எழுத்தில் தன் பெயரை எழுதினார்.

முத்துராமலிங்கம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவளுக பாட்டக் கொறைக்கத்தான சாய்க்கிறாளுக? மரியாதைக்கு இல்லியே?"

சொர்ணம் பொய் சொல்லவில்லை. "ஆமா அண்ணாச்சி. பாட்டக் கொறைக்கத்தான்."

அவர் தாடையைச் சொறிந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இருக்கட்டும். ஆர்டர நூத்தி இருபத்தொண்ணா எழுதிக்க தம்பி."

"அந்த ஒண்ணு யாருக்கு அண்ணாச்சி?"

"எங்க வீட்டுக்காரிக்கு."

"அதுக்கு வீட்டச் சுத்திக் கம்பி போடணுமே. ஒங்க வீடு பெரிய வீடாச்சே."

"போடு" என்றார் முத்துராமலிங்கம். "எம்புட்டு நீளமானாலும் போடு."